கல்லூரியில் இடம் கிடைத்தது. தங்க இடம் கிடைத்ததா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கலந்தாய்வும் நிறைவெய்தி, "என் மகனுக்குச் சென்னையில் இடம் கிடைத்துவிட்டது" என்று பெற்றோர் பூரிப்புடன் இனிப்பு வழங்கும் காலம் ஆண்டுதோறும் வருகின்றது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அந்த இனிப்பு பெரும்பாலும் பால்கோவாவாகத்தான் இருக்கும். அதன் சுவை நாவில் இருக்கும்போதே அடுத்த வினா நம் வாசற்படியில் வந்து நிற்கின்றது. பிள்ளை எங்கே தங்குவான்?

கல்லூரியில் இடம் கிடைப்பதற்குப் பன்னிரண்டாண்டுகள் உழைத்தோம். தங்கும் இடத்தைத் தேடுவதற்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று எண்ணிவிடுகின்றோம். இந்த எண்ணத்திற்கு நான் கொடுத்த விலையைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

பொதிகையில் ஏறிய மூவர்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். என் தங்கை மகனுக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இளங்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது. மைத்துனர் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் பணிபுரிபவர். விடுப்பு எளிதில் கிடைக்காத வேலை. எனவே தங்கையும், பிள்ளையும், நானும் பொதிகை விரைவு இரயிலில் இரவில் ஏறி விடிகாலையில் எழும்பூரில் இறங்கினோம். கல்லூரி விடுதி நிரம்பிவிட்டது என்ற செய்தி எங்களுக்கு முன்னரே அங்கு வந்து காத்திருந்தது.

முதலில் நாங்கள் பார்த்தது மொட்டை மாடியில் அமைந்த ஒற்றை அறை. வீட்டுக்கார அம்மையார் அன்பாகவே பேசினார். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்டார். "நல்லாப் படி, தம்பி" என்று வாழ்த்தவும் செய்தார். பின்னர்ப் பெயரைக் கேட்டார். பிள்ளை சொன்னான். ஒரு கணம் அமைதி. "எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன், நீங்க நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தோம். அந்த அழைப்பு இன்றளவும் வரவில்லை.

தெருவில் இறங்கி நடந்தபோது பிள்ளை கேட்டான்: "மாமா, நான் பேரைச் சொல்லாம இருந்திருந்தா அந்த ரூம் கிடைச்சிருக்குமா?"

என்னிடம் விடையில்லை. என் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்று சொன்னாள்.

இரண்டாவது வீட்டில் "திருமணமாகாதவர்களுக்கு இல்லை" என்று வாசலிலேயே விடை கிடைத்தது. அங்கே பெயர் கேட்கப்படவில்லை.

மூன்றாவது வீட்டின் உரிமையாளர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர். ஸலாம் கூறி வரவேற்றார், தேநீர் வரவழைத்தார், "நம்ம பிள்ளை, நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றார். நெஞ்சம் குளிர்ந்தது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். இரண்டு மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் அறை. எங்கள் பங்காக நாற்பதாயிரம் ரூபாய். தங்கை தன் வளையல்களை அடகு வைத்துக் கொண்டுவந்திருந்த பணம் அது. இரசீது கேட்க வாய் திறந்தேன். "நமக்குள்ள எதுக்கு பாய் பேப்பரெல்லாம்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

2024 மே மாதத்தில் அறையைக் காலி செய்தபோது, வண்ணம் பூசியதற்கு இவ்வளவு, குழாய் மாற்றியதற்கு இவ்வளவு, மின்விசிறிக்கு இவ்வளவு என்று கணக்கு வந்தது. ஐந்து மாதங்கள் அலைந்தபின் கையில் கிடைத்தது பதினெட்டாயிரம். எஞ்சிய இருபத்திரண்டாயிரத்திற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்திற்காக அந்தப் பணத்தையே நம்பியிருந்த என் தங்கையின் வளையல்கள் மீட்கப்படாமலே ஏலத்திற்குப் போயின.

எண்ணிப் பாருங்கள்! நம் பெயருக்காக நம்மை ஒதுக்கியவர் நம்மிடமிருந்து பணம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் பெயருக்காக நம்மை அணைத்துக்கொண்டவரோ வளையலை எடுத்துக்கொண்டார். இரண்டும் வலித்தன. ஆனால் இரண்டாவது வலியை நான் தவிர்த்திருக்க முடியும். அதற்குத் தேவைப்பட்டது ஒரு தாளும் ஒரு பேனாவும்தான்.

எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவது வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதையும் சாட்சிகளை அமைத்துக்கொள்வதையும் பற்றியே அது பேசுகின்றது. வசனங்களில் நீளமானதே இப்படியிருக்க, "நமக்குள் எதற்குக் காகிதம்" என்னும் பேச்சு நம்மிடையே எப்படி வேரூன்றியது? எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அன்று. இருவரின் நாணயத்தையும் காப்பாற்றும் வழி அது.

நாட்டுச் சட்டமும் இதையே வேண்டுகின்றது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. நகர்ப்புறத்தில் வீடு எடுப்போர் அதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில:

வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அதனை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு வகையாக எழுதிக்கொள்ளாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட தொகையை முன்பணமாகப் பெறலாகாது. "வேறு வகையாக எழுதிக்கொள்ளாத நிலையில்" என்னும் சொற்களைக் கூர்ந்து கவனியுங்கள். பத்து மாத முன்பணத்திற்கு ஒப்பி நாமே கையெழுத்திட்டால் சட்டம் நமக்குத் துணைவராது. ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் கையெழுத்திற்கு முன்னர்தான்.

வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவுகள் போக, முன்பணம் திருப்பித் தரப்படல் வேண்டும். குடிநீர், மின்சாரம் முதலிய இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் தம் விருப்பம்போல் துண்டித்தல் கூடாது. குடியிருப்பவரின் எழுத்துப்பூர்வமான உரிமையைப் போலவே கடமையும் உண்டு. உரிமையாளரின் இசைவின்றி வேறொருவரை உள்வாடகைக்கு அமர்த்துதல் கூடாது. "என் நண்பன் ஒரு மாதம் தங்கிக்கொள்ளட்டும்" என்று நம் பிள்ளைகள் செய்யும் தாராளம் இந்த இடத்தில்தான் வம்பில் முடிகின்றது.

முன்பணத்தின் சுமையை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மாதம் 15,000 ரூபாய் வாடகையில் நால்வர் ஒரு வீட்டை எடுத்தால், மூன்று மாத முன்பணம் 45,000, ஆளுக்கு 11,250. அதுவே பத்து மாதமானால் 1,50,000, ஆளுக்கு 37,500. இந்த வேறுபாடு நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்திற்கு வெறும் எண் அன்று.

குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, குழாய், மின்விசிறி ஆகியவற்றைக் கைபேசியில் நிழற்படம் எடுத்து, உரிமையாளருக்கும் அனுப்பி வையுங்கள். மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகையையும் முன்பணத்தையும் வங்கி வழியாகவே செலுத்துங்கள். வண்ணம் பூசும் செலவு யாருடையது, எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதச் செய்யுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் தங்கையின் வளையல் இன்று அவள் கையில் இருந்திருக்கும்.

எங்கெங்கே தேடலாம்?

முதலில் கல்லூரி விடுதியையே நாடுங்கள். சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் அன்றே விடுதி விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள். "வகுப்பு தொடங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்ததே எங்கள் முதல் பிழை. நம் முன்னோர் இந்தத் தேவையை நன்கு உணர்ந்திருந்தனர். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியை நிறுவியது. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955இல் பெண்களுக்கென எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தேனாம்பேட்டையில் தோற்றுவித்தார். கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்களின் முயற்சியால் 1984இல் வண்டலூரில் கிரசெண்ட் பொறியியற் கல்லூரி எழுந்தது. இம்மூன்றிலும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கான விடுதிகளும் அமைந்தன.

இரண்டாவது, அரசு விடுதிகள். பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை கல்லூரி மாணவர்களுக்கென நடத்தும் விடுதிகளில் உணவும் உறைவிடமும் இலவசம். 2025இல் இத்தகைய அரசு விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதிகள்' என்னும் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தால் விண்ணப்பிப்பது எளிது. நம்மில் பலர் இதனை நாடாமலே, "அங்கே யார் போவார்கள்" என்று ஒதுங்குவது வருந்தத்தக்கது. ஒருமுறை நேரில் சென்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, மேன்ஷன்கள். திருவல்லிக்கேணி என்றாலே இவை நினைவிற்கு வரும். ஒற்றைக் கட்டில் அகல அறைகள், தளத்திற்கு ஒரு பொதுக் குளியலறை வரிசை, கீழே மெஸ், தெருமுனையில் தேநீர்க் கடை. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதாலும், வாலாஜா பள்ளிவாசலின் அண்மையாலும், தலைமுறை தலைமுறையாக நம் ஊர் இளைஞர்கள் இங்கு வந்து தங்கியிருக்கின்றனர். பெரிய முன்பணம் தேவைப்படாதது இதன் நன்மை. காற்றும் வெளிச்சமும் குறைவது இதன் தீமை.

நான்காவது, தனியார் விடுதிகள். இன்று பி.ஜி. என்று வழங்குபவை. உணவுடன் சேர்த்தா, தனியாகவா, மின்கட்டணம் உட்பட்டதா என்பதை முதலிலேயே கேளுங்கள். ஜி.எஸ்.டி. வரி என்று கூடுதலாகச் சிலர் கேட்பதுண்டு. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாட்களாவது தங்கும் விடுதி வாடகைக்கு 2024இல் அந்த வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைவைக் கண்டு மிகவும் அஞ்ச வேண்டியதில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கற்பட்டு வரை மின்சார இரயில் ஓடுகின்றது. மாணவர்களுக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நகரின் நடுவே இருண்ட அறையைக் காட்டிலும், இரயில் நிலையத்தருகே காற்றோட்டமான புறநகர் வீடு பல வேளைகளில் நன்று.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு

தாய்மார்களே, இப்பகுதியை இருமுறை படியுங்கள். பெண்களுக்கான தனியார் விடுதிகள் யாவும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் மறைவான ஒளிப்படக் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டு அதனை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். 2024 செப்டம்பரில் மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டி வெடித்துப் பரவிய தீயில் ஆசிரியைகள் உயிரிழந்தனர்.

அச்சுறுத்துவதற்காக இவற்றைக் கூறவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள் என்பதற்காகவே கூறுகின்றேன். பதிவுச் சான்று எங்கே? இரவில் பொறுப்பாளராகப் பெண் ஒருவர் தங்குகின்றாரா? தீ ஏற்பட்டால் வெளியேற இரண்டாவது வழி உண்டா? சன்னல்கள் கம்பியிட்டு அடைக்கப்பட்டவையா? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் விடுதியில் உங்கள் மகளை விடாதீர்கள். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பெண்ணொருத்தியிடம் தனியே ஐந்து நிமிடம் பேசுங்கள். விளம்பரப் பலகை சொல்லாததை அவள் சொல்வாள்.

தண்ணீரைப் பாருங்கள்

ஐயனார் கோயில் ஆற்று நீரைக் குடித்து வளர்ந்த இராஜபாளையத்துப் பிள்ளைக்குச் சென்னையின் முதல் வியப்பு தண்ணீர் வண்டியாகத்தான் இருக்கும். 2019 கோடையில் நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, விடுதிகள் குளிப்பதற்கே அளவு வைத்தன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் வீடு எடுப்போர், அந்த ஆண்டுகளில் நீர் எவ்வளவு ஏறியது என்று அண்டை வீட்டாரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் விசாரியுங்கள். தரகர் இதைச் சொல்லமாட்டார். சுவரில் இடுப்பளவில் கறை இருக்கின்றதா என்று நீங்களே பாருங்கள்.

மறுப்பவரின் மனம்

இளைஞர்களுக்கு வீடு தர உரிமையாளர்கள் தயங்குவதற்கும் காரணங்கள் உண்டு. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளை வழக்கில் தேடப்பட்ட ஐவர் வேளச்சேரி வாடகை வீடொன்றில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தருமாறு உரிமையாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர். எனவே அடையாளச் சான்று, கல்லூரிச் சேர்க்கைச் சான்று, பெற்றோரின் முகவரி ஆகியவற்றைக் கேட்கும் முன்னரே நீட்டுங்கள். பெற்றோர் ஒருவராவது நேரில் செல்லுங்கள். பாதி அச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

ஆனால் பெயரைக் கேட்டு மூடும் கதவு வேறு வகை. அரசமைப்பின் 15ஆவது பிரிவு மதத்தின் பெயரால் அரசு பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் போன்ற பொது இடங்களிலும் அத்தகைய தடை கூடாது என்கின்றது. தம் வீட்டை வாடகைக்கு விடும் தனியார் ஒருவரை இதற்காகத் தண்டிக்கும் தனிச் சட்டமோ நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டமும், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய மறுப்பைத் தடைசெய்கின்றன. நம் நாட்டிலும் அந்நாள் வரலாம். அதுவரை, பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பெயரை மறைத்து எவ்வீட்டிலும் நுழைய வேண்டா. மறைத்துப் பெற்ற அறையில் அமைதியாக உறங்க இயலாது. அந்தத் தெருவில் மூடியது ஒரு கதவு, தெருவே மூடவில்லை. மூன்றாம் ஆண்டில் என் மருமகனுக்கு அறை கொடுத்தவர் சகோதரச் சமயத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மூன்று மாத முன்பணம் பெற்றார். இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதினார். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்திற்கு மாடிப்படி விளக்கை எரியவிட்டார். 2025இல் பட்டப்படிப்பை முடித்து அவன் காலி செய்த எட்டாம் நாள், ஒரு ரூபாய் குறையாமல் முன்பணம் வங்கிக் கணக்கிற்கு வந்து சேர்ந்தது.

நம் வீட்டு வாசலில் நிற்பவர் யார்?

இனி என் குற்றத்தைச் சொல்லி முடிக்கின்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தந்தையார் விட்டுச் சென்ற வீடு ஒன்று எனக்கு உண்டு. அருகில் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருப்பதால், ஆந்திரத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் அப்பக்கம் வீடு தேடி வருவதுண்டு. 2019இல் இரண்டு தெலுங்குப் பிள்ளைகள் என் வாசலில் வந்து நின்றனர். ஒருவன் அரைகுறைத் தமிழில், "சார், ரூம் இருக்கா?" என்றான். வீடு பூட்டித்தான் கிடந்தது. "குடும்பத்துக்கு மட்டும்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்று நான் கேட்கவுமில்லை.

சென்னைத் தெருவில் என் மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏன் விடை வரவில்லை என்பதை இப்போது நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

2024 முதல் அந்த வீட்டில் மாணவர் நால்வர் இருக்கின்றனர். மூன்று மாத முன்பணம், எழுதிய ஒப்பந்தம், வண்ணம் பூசும் செலவு என்னுடையது என்று அதில் ஒரு வரி. சத்தம் போடுகின்றார்களா? சில இரவுகளில் போடத்தான் செய்கின்றார்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஆளுக்கொரு பெட்டி பால்கோவா வாங்கிச் செல்கின்றார்கள். அதனை எதிர்பார்த்து எங்கோ ஒரு தாய் இரயில் நிலையத்தில் நிற்பாள் அல்லவா?

வாசகர்களே, உங்களில் வீடு தேடுவோரும் இருப்பீர்கள். வீடு உடையோரும் இருப்பீர்கள். தேடுவோர் எழுதி வாங்குங்கள். உடையோர் எழுதிக் கொடுங்கள். பெற்ற முன்பணம் அமானிதம் என்பதை மறவாதீர்கள். அடுத்த முறை உங்கள் வாசலில் ஒரு பிள்ளை வந்து "ரூம் இருக்கா?" என்று கேட்டால், மறுப்பதற்கு முன்னர் ஒரு நொடி நில்லுங்கள். அதே நொடியில் உங்கள் பிள்ளை வேறொரு நகரத்தில், வேறொருவர் வாசலில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.